கடைசி ஸ்டாப்பில் முடிகிற கதை

ஜெபமலருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இருபது வருசத்துக்கும் மேலாக ஒரு மலை ரோட்டையே சமாளித்து வருகிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடும் கேரளமும் முட்டுகிற பனச்சமூட்டிலிருந்து அம்பூரிப் பக்கம் ஏறுகிற ரோடு அப்படி. ஒரு வளைவு முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு. இரண்டு பக்கமும் ரப்பர். மத்தியானம் கஞ்சியும் பயறும் வயிறு முட்டத் தின்ற நாலாம் வகுப்பு வரையுள்ள எல்.பி. ஸ்கூல் பிள்ளைகளை ஒரு வேனில் அடைத்து அந்த ரோட்டில் ஏற்றினால் என்ன நடக்கும்? நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. ஆயா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க ஜெபமலர் வாளியும் துணியுமாகவே கிடந்தாள். டிரைவர் வேறு யாருமில்லை, அவளைக் கட்டிய யோசுவாதான். அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பின்னால ஒண்ணு தயாராவுது பாரு" என்று சொல்லுவார். சொல்லுவதோடு சரி.

அந்த வாரத்தில்தான் ஜெபமலர் எந்த டாக்டரும் சொல்லித் தராத ஒன்றைக் கண்டுபிடித்தாள். வாயைப் பிளந்து கதை கேட்கிற பிள்ளை வாந்தி எடுப்பதில்லை.

கதைக்கு எங்கே போக? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சின்ன வயதில் சபையில் சங்கீதம் ஒப்பித்ததற்குப் பரிசாகக் கிடைத்த ஒரு புத்தகம்தான் அவள் முழுசாக வாசித்த ஒரே கதைப் புத்தகம். எவனோ ஒரு வெள்ளைக்காரன் நூறு வருசத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்கென்று எழுதிய நாவல். அதைச் சுருக்கி மலையாளத்தில் போட்டிருந்தார்கள். கடலுக்கு நடுவே ஒரு தீவு. தீவில் கலங்கரை விளக்கு. விளக்கைப் பார்த்துக்கொள்ளப் போன அப்பா திரும்பி வரவில்லை. மூன்று பிள்ளைகள் ஓட்டைப் படகில், ஒரு ஆட்டையும் ஏற்றிக்கொண்டு, அப்பாவைத் தேடிப் போகிறார்கள். வழியில் ஆடு வரைபடத்தைத் தின்றுவிடுகிறது. புயல், கள்ளக் கடத்தல்காரர்கள், குகை எல்லாம் உண்டு. கடைசியில் கதவைத் திறந்தால், அப்பா விளக்குக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருக்கிறார். கடைசி மூச்சு வரை விளக்கை அணைய விடவில்லை. அன்று ராத்திரி மூத்த பெண் விளக்கை ஏற்றுகிறாள். கதை முடிந்தது.

அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசித்த அன்று ஜெபமலர் சோறு தின்னவில்லை. இப்போதும் அந்தப் பேச்சு வந்தால் அவளுக்கு ஆத்திரம் வரும். "பிள்ளைகளு அம்புட்டுத் தூரம் படகு துழைஞ்சு போயிருக்கு, எழுதினவனுக்கு ஒரு அப்பனை உசிரோட வைக்க முடியல்லியா? கைய வாதம் கொண்டு போச்சா?" என்று அந்த வெள்ளைக்காரனை, அவன் குழிக்குள் திரும்பிப் படுக்கிற அளவுக்குத் திட்டுவாள்.

வேனில் அவள் சொன்ன கதையில் வெள்ளைக்காரப் பேர் ஒன்றும் கிடையாது. அந்த வருசம் வேனில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பேர்தான் படகில் இருக்கும். அதனால் படகில் இடம் பிடிக்கப் பிள்ளைகளுக்குள் அடிபிடி. ஆடு மட்டும் மாறாது. கறுப்பு ஆடு, பேர் சுந்தரி.

இந்தக் கதைக்கு ஒரு சட்டமும் உண்டு. ஸ்கூல் வாசலில் வண்டி கிளம்பும்போது அன்றைய பங்கு தொடங்கும். எவன் எந்த ஸ்டாப்பில் இறங்குகிறானோ அவனுக்குக் கதை அதோடு சரி. பனச்சமூட்டில் இறங்குகிற பிள்ளைக்கு, படகில் தண்ணீர் ஏறுவது தெரியும், அதை யார் கோரி ஊற்றினார்கள் என்று தெரியாது. கால் தரையில் வைத்த பிறகும் ஜன்னலைப் பிடித்துத் தொங்கி, "மாமி, ஒரு வாக்கு! ஒரே ஒரு வாக்கு சொல்லுங்க!" என்று கெஞ்சும். ஜெபமலர் மசிய மாட்டாள். "எலே, கைய எடு. வண்டி போவட்டும்."

அன்றைய பங்கு முழுசாகக் கிடைப்பது கடைசி ஸ்டாப்பில் இறங்குகிற பிள்ளைக்கு மட்டும். அந்த ஸ்டாப்பு குருசடி முக்கு. ரோட்டோரம் ஒரு சின்னச் சிலுவைக் கூடம், அதற்கு நாலைந்து படி, பின்னால் ரப்பர் தோட்டத்துக்குள் ஏறுகிற செம்மண் பாதை. ஜெபமலர் வேலைக்குச் சேர்ந்த வருசம் அங்கே இறங்கியது சோனா ஒருத்திதான். நாலாம் வகுப்பு. அடுத்த நாள் காலையில் வேனில் அவளுக்கு இருந்த மரியாதையைக் கேட்கவா வேண்டும்! மிச்சக் கதையைச் சொல்ல அவளுக்குச் சாம்பக்காயும் நெல்லிக்காயும் லஞ்சமாக வரும். அவள் மெதுவாக, உப்பு தொட்டுத் தின்றுகொண்டு, ஆளைப் பார்த்துக் கதையை அளப்பாள்.

படகின் மூத்த பெண்ணுக்கு ஜெபமலர் சோனா என்று பேர் வைத்தது ஜூன் மாசத்தில். அப்போது ஒன்றும் நடந்திருக்கவில்லை. சோனாவின் அப்பா ராஜதாஸ் வடக்கே எங்கேயோ சுரங்கப் பாதை வேலைக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்து வீட்டுக்குப் போன் வரும். ஓணம் கழிந்தது, போன் நின்றது. கூடப் போனவர்கள் திரும்பி வந்து, "அவன் இடையில வேற வேலைக்குன்னு எறங்கிப் போனானாக்கும்" என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆள் இருக்கிறானா இல்லையா என்பதுகூட.

ஜெபமலருக்கு இது தெரியவந்தபோது கதை பாதிக் கடல் தாண்டிவிட்டது. என்ன செய்வாள் பாவம், படகைத் திருப்ப முடியுமா? புயலை நீட்டினாள். புத்தகத்தில் இல்லாத ஒரு திமிங்கலத்தைக் கொண்டுவந்து விட்டாள். சுந்தரிக்குக் காய்ச்சல் வரவைத்தாள். ஆனாலும் எத்தனை நாளைக்கு? கிறிஸ்துமஸ் லீவு விடுகிற அன்று படகு தீவில் முட்டிவிட்டது. கலங்கரை விளக்கின் கதவு முன்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள். வேன் குருசடி முக்கில் நிற்கிறது. சோனா இறங்கவில்லை.

"மாமி," என்றாள் சோனா. "கதவு தெறந்தா உள்ள அப்பா உண்டா?"

யோசுவா ஹாரன் அடித்தார். அடுத்த டிரிப்புக்குப் பிள்ளைகள் ஸ்கூலில் காத்துக்கிடந்தன. ஜெபமலர் தன் சட்டத்தைத் தானே உடைத்தாள். பிள்ளையின் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேனை விட்டு இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு செம்மண் பாதையில் ஏறினாள். பின்னால் ஹாரன் கத்திக்கொண்டே இருந்தது. "அடிச்சுச் சாவட்டு" என்று சொல்லிவிட்டு அவள் கதையைச் சொன்னாள்.

கதவு திறந்தது. உள்ளே இருட்டு. ஒரு நாற்காலி, அதில் ஆள் இல்லை. மாடியில் ஏதோ சத்தம். பார்த்தால் அப்பா படியிறங்கி வருகிறார். கையில் ஒரு பானை மரச்சீனிக் கிழங்கு. தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகு அரைத்த சம்மந்தி. பிள்ளைகளைப் பார்த்துக் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. கோபமாக, "இவ்வளவு நேரம் எங்க மக்களே போனிய? மரச்சீனி ஆறிப்போச்சு!" என்கிறார்.

சோனா சிரித்துவிட்டாள். வீட்டு வாசல் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

திரும்பி வந்து வேனில் ஏறின ஜெபமலரைப் பார்த்து யோசுவா வள்ளென்று விழுந்தார். அந்த நல்ல காரியத்தின் சந்தோஷம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. புது வருசத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அம்பூரியில் ஒரு சாவுக்குப் போய்விட்டு ஆட்டோவில் வரும்போது பார்க்கிறாள், குருசடிப் படியில் சோனா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, "இஞ்ச என்ன செய்யுத பிள்ளே?" என்று கேட்டாள்.

"அப்பா வந்தா இந்த வழியாத்தான வரணும்" என்றது பிள்ளை.

வீட்டுக்குப் போ பிள்ளே என்று சொல்லி ஜெபமலர் ஆட்டோவைப் போகவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து யோசுவாவிடம், "கேட்டியளா, நான் ஒரு பொய்யச் சொல்லி அந்தப் பிள்ளைய ரோட்டில இருத்திட்டேன்" என்று அழுதாள். அவர் மரச்சீனி வடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மரச்சீனி அவிப்பது அவர் வேலை, அதில் யாரும் கைவைக்கக் கூடாது. "கதைதானே" என்றார். கதைதான். ஆனால் ராஜதாஸ் வரவே இல்லை. சோனாவின் அம்மா தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கரையேற்றினாள். சோனா படித்தாள், பரீட்சை எழுதினாள், அரசு பஸ்ஸில் கண்டக்டர் ஆனாள். கல்யாணம் முடிந்து புருஷனோடு அதே மலையில்தான் இருக்கிறாள். பஸ்ஸில் அவள் தோல்பையும் விசிலுமாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஜெபமலருக்குப் பெருமையாகவும் இருக்கும், குற்றமாகவும் இருக்கும். அந்தப் படியில் எத்தனை நாள் இருந்தாயடி என்று கேட்க நாக்கு எழும். எழுந்ததை விழுங்கிவிடுவாள்.

இதற்கிடையில் அந்தக் கதை ஊர்க் கதையாகிவிட்டது. சோனா அன்று லீவு முடிந்து வந்து எல்லாருக்கும் முடிவைச் சொல்லிவிட்டாள் அல்லவா? அடுத்த வருசம் ஜெபமலர் மாற்ற நினைத்தாலும் பிள்ளைகள் விடவில்லை. "மரச்சீனி எப்ப வரும்?" என்று முதல் நாளே கேட்டார்கள். இப்போது சோனாவின் மகன் அஜின் இரண்டாம் வகுப்பு. அதே வேன் என்று சொல்ல முடியாது, வண்டி இரண்டு தடவை மாறிவிட்டது. அதே ரோடு, அதே ஹாரன், அதே மாமி. அம்மாவுக்கும் அவள் மலர் மாமி, மகனுக்கும் மலர் மாமி. அதை முறைப்படுத்த யாரும் முயலவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால்தான் இந்தச் சினிமா வந்து குறுக்கே நின்றது.

ஒரு வியாழக்கிழமை பனச்சமூடு முக்கில், பஸ் ஸ்டாப்பு சுவரில், புதுப் போஸ்டர். ஓட்டைப் படகு, மூன்று பிள்ளைகள், தூரத்தில் கலங்கரை விளக்கு. படகின் மூக்கில் ஒரு ஆடு, வாயில் கிழிந்த காகிதம். வேனுக்குள் அஜின் போட்ட கூச்சலில் யோசுவா பிரேக்கை மிதித்துவிட்டார்.

"மாமி! சுந்தரி! நம்ம சுந்தரியாக்கும் அது!"

எல்லாப் பிள்ளையும் ஒரு பக்கமாகச் சாடியதில் வேன் சாய்ந்தது. போஸ்டரில் எழுத்து தமிழில் இருந்தது. பிள்ளைகளுக்கு ஸ்கூலில் மலையாளம்தான், தமிழ் பேச வரும், வாசிக்க வராது. "மாமி, வாசியுங்க, வாசியுங்க" என்று பிடுங்கி எடுத்தார்கள். சபையில் பாட்டுப் புத்தகம் வாசித்துப் பழகிய ஜெபமலர் வாசித்தாள். உலகப் புகழ்பெற்ற சிறுவர் நாவல், இப்போது திரையில். குடும்பத்தோடு காண வேண்டிய படம். மார்த்தாண்டத்தில் ஒரு தியேட்டர் பேரும் போட்டிருந்தது.

குடும்பத்தோடு! அந்தக் கடைசி அத்தியாயத்தையா?

சாயங்காலமே சோனாவிடமிருந்து போன். "மாமி, ஞாயிற்றுக்கிழம எனக்கு ஆஃப் உண்டு. கோயில் கழிஞ்சு மாட்னிக்குப் போவோம். அத்தானுக்கு டூட்டி, வரமாட்டாரு. நானும் அஜினும், நீங்களும் மாமனும்."

"நெய்யாற்றின்கரையில மலையாளத்தில ஓடுதாம், நீங்க அங்ஙன போங்க பிள்ளே. நமக்கு எதுக்கு மார்த்தாண்டம் வரை…"

"உங்க கதைய நான் தமிழில கேட்டது. தமிழில தான் பாப்பேன்."

"எனக்கு ஞாயிற்றுக்கிழம சபையில பெண்கள் ஐக்கியம் உண்டு."

"இந்த வாரம் கெடையாதுல்லா" என்று பக்கத்திலிருந்து யோசுவா சத்தமாகச் சொன்னார். போனில் கேட்டுவிட்டது. அவருக்கு எதற்கு இந்த வேலை? ஜெபமலர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு மூட்டு வலி வந்தது. சனிக்கிழமை, ஏசியில் இருந்தால் தனக்குச் சளி கட்டும் என்று ஞாபகம் வந்தது. யோசுவா சால்வையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். சினிமா பார்த்து எத்தனை வருசமாச்சு, அந்த மனுஷனுக்கு அந்த ஆசை.

சனிக்கிழமை ராத்திரி பாயில் கிடந்து யோசித்தாள். நாளைக்கு அந்தக் கதவு திறக்கும். நாற்காலியில் அப்பன் செத்துக் கிடப்பான். பக்கத்தில் சோனா இருப்பாள். இத்தனை வருசம் நான் நம்பினது பொய்யா மாமி என்று அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், நான் அங்கேயே தீர்ந்தேன். எனக்க கர்த்தாவே, அந்த மெஷினை ரிப்பேராக்கும் என்று வேண்டிக்கொண்டாள். பிறகு, பிள்ளைகள் பார்க்கிற படத்துக்கு இப்படி வேண்டலாமா என்று அதற்கும் மன்னிப்புக் கேட்டாள்.

மெஷின் ரிப்பேராகவில்லை. தியேட்டர் நிறையக் கூட்டம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாயைத் திறந்து, "தந்தையே, நீர் எங்கிருக்கிறீர்?" என்று தமிழ் பேசியதும் யோசுவா கெக்கலித்தார். "என்னலே இது, பைபிள் வாசிக்குதுவ!" முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அஜினுக்கு வேறு பிராது. "மாமி, சுந்தரி வெள்ளையா இருக்கு. சுந்தரி கறுப்புல்லா?" அவனைச் சமாதானப்படுத்த ஒரு பாப்கார்ன் பொட்டலம் வேண்டியிருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, படம் நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆடு வரைபடத்தைத் தின்றபோது தியேட்டரே சிரித்தது. புயலில் யோசுவா சீட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, பிரேக் மிதிப்பதுபோல் காலை அழுத்தினார். ஜெபமலருக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒவ்வொரு அலையும் படகைத் தீவுக்குப் பக்கத்தில் தள்ளுகிறதே என்றுதான் இருந்தது.

தீவு வந்தது. கதவு வந்தது. மூத்த பெண் கைப்பிடியில் கைவைத்தாள். பாட்டு நின்றது. ஜெபமலர் சோனாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கதவு திறந்தது. இருட்டில் ஒரு நாற்காலியின் முதுகு. நாற்காலியில் ஒரு கோட்டு. ஜெபமலர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கைதட்டல் கேட்டது.

கண்ணைத் திறந்தால், படியில் ஒரு தாடிக்காரன் இறங்கி வருகிறான். உயிரோடு! நாற்காலியில் கிடந்தது வெறும் கோட்டு. மூன்று பிள்ளைகளும் ஓடிப்போய் அவன்மேல் விழுகிறார்கள், ஆடு சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. யோசுவா சால்வையில் மூக்கைச் சிந்தி ஏங்கி ஏங்கி அழுகிறார். அஜின் சீட்டின்மேல் ஏறி நிற்கிறான். ஜெபமலருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. சினிமாக்காரனும் பெற்றவன்தானே! குடும்பத்தோடு பிள்ளைகள் வந்திருக்கும்போது நாற்காலியில் பிணத்தை வைக்க அவனுக்கும் மனசு வரவில்லை. அந்த முகம் தெரியாத ஆள்மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம் பொங்கியது. நீ நல்லா இருப்ப மக்கா என்று வாய்விட்டே சொன்னாள்.

பிழைத்தேன் என்று நினைத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் நெஞ்சு லேசாக இருந்தது. யோசுவாவும் அஜினும் முன்னால் உட்கார்ந்து படத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். ரொட்டியைக் கொடுக்கிறான் அந்த அப்பன், மரச்சீனி எங்கே என்று அஜினுக்குத் தீராத கோபம். பின் சீட்டில் ஜன்னலோரம் சோனா, பக்கத்தில் ஜெபமலர். அருமனை தாண்டியதும் சோனா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"மாமி, சினிமாக்காரன் உங்க கதையத் திருடிட்டான்."

"எனக்க கதையா? அது புஸ்தகத்தில உள்ளதாக்கும்."

"புஸ்தகத்தில அவரு செத்துல்லா போவாரு?"

ஜெபமலரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "உனக்கு… யாரு சொன்னா?"

"பிளஸ் டூ படிக்கச்சில ஸ்கூல் லைப்ரரியில கெடந்தது. அட்டையில ஆட்டப் பாத்ததும் எடுத்துட்டேன். வரைபடம் தின்ன ஆடு உலகத்தில எத்தன உண்டு?"

"முழுக்க வாசிச்சியா பிள்ளே?"

"முழுக்க."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஜெபமலர் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். "எம்மேல வெறுப்பு வரல்லியா?"

"வந்துது. கொஞ்ச நாளு உங்க வேனப் பாத்தா முகத்தத் திருப்பிட்டு நிப்பேன். நீங்க கண்டுக்கவே இல்ல. அதுக்கு வேற கோவம்." சோனா சிரித்தாள். பிறகு அவள் கையைப் பிடித்தாள். "அப்பா வரமாட்டாருன்னு எனக்கு அப்பமே தெரியும் மாமி. அம்மை அடுக்களையில அழுவா, நான் உறங்குத மாதிரி கெடப்பேன். புஸ்தகமோ கதையோ வந்து சொல்லியா தெரியணும்?"

"பெறகு அந்தப் படியில என்னத்துக்கு இருந்த? அப்பா இந்த வழியாத்தான வரணும்னு நீதான சொன்ன? இத்தன வருசமா எனக்கு அது… எனக்கு அது உறக்கத்தக் கெடுத்துது, தெரியுமா?"

சோனா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு வேண்டியாக்கும் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழம நீங்க காலையில ஆட்டோவில மேல போனத நான் பாத்தேன். திரும்பி வரணும்லா. வரச்சில என்னக் கண்டா எறங்குவிய, வீடு வரை கையப் பிடிச்சுக் கொண்டு விடுவியன்னு இருந்தேன். லீவு விட்ட அன்னைக்கு ஹாரன் அடிக்க அடிக்க நீங்க எனக்கு வேண்டி எறங்கி வந்தியல்லா, அதுமாதிரி. நீங்க ஆட்டோவில இருந்தே கேட்டிய. உங்களப் பாத்துத்தான் இருந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துது. வாயில வந்ததச் சொன்னேன்."

ஜெபமலர் அழுதாள். சத்தமில்லாமல் ஒன்றும் இல்லை, பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரித்தான் அழுதாள். முன்னாலிருந்து யோசுவா, "படம் இப்பத்தான் ஏறுது அவளுக்கு" என்று அஜினுக்கு விளக்கம் சொன்னார்.

பனச்சமூட்டில் இறங்கியதும் யோசுவா, "எனக்குப் பசிக்குது, நான் முன்னால போறேன். நீங்க பைய வாருங்க" என்று நடையைக் கட்டினார். அம்பூரி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அதன் கண்டக்டர் சோனாவோடு வேலை பார்க்கிறவன். அவளைக் கண்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்து, "சோனா, கேறுன்னோ?" என்று மலையாளத்தில் ஏறக் கூப்பிட்டான். அஜின் படியில் காலை வைத்துவிட்டான்.

சோனா அவனைப் பின்னால் இழுத்தாள். "நீ விட்டோ. ஞான் அடுத்ததில் வராம்" என்று கண்டக்டரைப் போகச் சொன்னாள்.

"என்ன பிள்ளே, அடுத்தது வர ஒரு பாடு நேரமாவும்லா?" என்றாள் ஜெபமலர்.

"ஆவட்டும். உங்கள வீடு வரை கொண்டு விடணும்."

சொல்லிவிட்டு ஜெபமலரின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பஸ் அவர்களைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. மூன்று பேரும் முக்கைத் தாண்டி, இறக்கத்தில் இறங்கி, வாழைத் தோட்டத்தின் ஓரமாக நடந்தார்கள். இரண்டு பெண்களுக்கும் நடை ஓடவில்லை. பேசுகிறதற்கு அவ்வளவு இருந்தது. நின்று நின்று பேசினார்கள். அஜின் நடுவில் மாட்டிக்கொண்டு, எந்தக் கதை சரி, மாமி கதையா சினிமாக் கதையா என்று கேட்டுக்கொண்டே வந்தான். யாரும் அவனுக்குப் பதில் சொன்னபாடில்லை.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜெபமலர் கைவைக்கப் போகும்போது அது உள்ளிருந்து திறந்தது. யோசுவா நின்றார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் துணி சுற்றிப் பிடித்த பானை, அதிலிருந்து ஆவி மெலிந்து போய்க்கொண்டிருந்தது. பசியில் அவர் முகம் கறுத்திருந்தது.

"இவ்வளவு நேரம் எங்க மக்களே போனிய?" என்று அவர் கத்தினார். "மரச்சீனி ஆறிப்போச்சு!"

அஜின் துள்ளிக் குதித்தான். "அம்மா! கதையில உள்ள அப்பன்! நம்ம கதையில உள்ள அப்பன்!"

சோனா படியில் அப்படியே நின்றாள். பானையைப் பார்த்தாள், யோசுவாவின் முகத்தைப் பார்த்தாள், திரும்பி ஜெபமலரைப் பார்த்தாள். ஜெபமலர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், வெட்கப்பட்டுப்போய். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அவசரமாக ஒரு அப்பாவை உயிரோடு எழுப்ப வேண்டியிருந்த அன்று, கைக்குக் கிடைத்த ஒரே ஆளை அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"என்னத்தப் பாத்துட்டு நிக்குதிய?" என்றார் யோசுவா, ஒன்றும் விளங்காமல். "உள்ள கேறி வா மக்களே. சம்மந்தி அரைச்சு வச்சிருக்கேன்."

"வாறேன்," என்றாள் சோனா. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.